முள்ளும் சேலையும்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் மகளிர் சுய உதவிக் குழுவினருக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



இம்முகாமில் இரண்டு நாட்களாகக் குடிநீரைப் பற்றிப் பேசினோம். சாலையைப் பற்றிப் பேசினோம். கறவை மாட்டுக் கடனைப் பற்றியும் மக்கிய உரத்தைப் பற்றியும் பேசினோம். இவையனைத்தும் ஊரின் முன்னேற்றத்துக்கு இன்றியமையாதவை. ஆயினும் ஊர்க் கூட்டங்களில் நாம் வாய் திறந்து பேசாத பொருள் ஒன்று உண்டு. பெண் ஒருத்திக்கு, அல்லது ஒரு குழந்தைக்கு, பாலியல் கொடுமை நேர்ந்துவிட்டால் ஊரார் என்ன நினைக்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதே அப்பொருள். கூச்சத்தின் காரணமாக இதை நாம் ஒதுக்கி வைக்கிறோம். நாம் கூசி ஒதுங்கும் ஒவ்வொரு முறையும் பயனடைகிறவன் குற்றம் செய்தவனே. ஆதலின் இன்று அக்கூச்சத்தை நீக்கி இதைப் பற்றிச் சிந்திப்போம்.

பழமொழி சொல்வது என்ன?

நம் ஊர்களில் யாவரும் அறிந்த பழமொழி ஒன்று உண்டு. சேலை முள்ளின் மேல் பட்டாலும், முள் சேலையின் மேல் பட்டாலும், கிழிவது சேலைதான் என்பது அது. பெண் குழந்தையைப் பெற்ற தாய் இதை அச்சத்தோடு சொல்கிறாள். மகள் நலமாக வீடு திரும்ப வேண்டுமே என்ற கவலையில் சொல்கிறாள். அவள் சொல்லும்பொழுது அதில் தவறு காண்பதற்கில்லை. துன்பம் யாருக்கு நேர்கிறது என்பதை அப்பழமொழி உள்ளபடியே சொல்கிறது.

ஆனால், கொடுமை நடந்து முடிந்த பிறகு திண்ணையில் அமர்ந்து இதே பழமொழியைச் சொல்லும்பொழுது அதன் பொருள் மாறிவிடுகிறது. அவள் ஏன் அந்தப் பக்கம் போனாள்? அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை? என்ன உடுத்தியிருந்தாள்? முன்பே அவனோடு சிரித்துப் பேசியவள்தானே? இவ்வாறு கேள்விகள் எல்லாம் சேலையை நோக்கியே எழுகின்றன. முள்ளைப் பற்றி ஒரு கேள்வியும் எழுவதில்லை.

ஊர்ப் பாதையில் முள் வளர்ந்து போவோர் வருவோரைக் கிழித்தால் நாம் என்ன செய்கிறோம்? அரிவாளை எடுத்துச் சென்று வெட்டி அப்புறப்படுத்துகிறோம். கிழிபட்டவரை நிறுத்தி வைத்து விசாரணை செய்வதில்லை. மேலும், முள்ளுக்கு அறிவு கிடையாது. மனிதனுக்கு அறிவு உண்டு. இது தகாது என்று அவனுக்குத் தெரியும். திரும்பிப் போகவும் அவனால் முடியும். முடிந்தும் அவன் திரும்பவில்லை என்பதுதான் குற்றம். அக்குற்றத்தில் வேறு எவருக்கும் பங்கில்லை.

எச்சரிக்கை வேறு, பழி வேறு

‘எச்சரிக்கையாக இருக்கச் சொல்வதும் தவறா?’ என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இதற்கு விடை காண நம் அன்றாட வாழ்க்கையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம்.

உழவர் ஒருவர் மாட்டுச் சந்தையில் ஒரு ஜோடி காளைகளை விற்றுவிட்டு, பணத்தை மடியில் கட்டிக்கொண்டு பேருந்தில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நெரிசலில் எவனோ பணத்தை அறுத்துக்கொண்டு போய்விட்டான். ‘சற்றுக் கவனமாக இருந்திருக்கக் கூடாதா?’ என்று வீட்டார் கடிந்துகொள்வர். ஆனால் அந்த மூச்சிலேயே அவரை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடுவர். பணத்தோடு பேருந்தில் ஏறியது அவர் குற்றம், ஆகையால் திருடன் நிரபராதி என்று எவரும் சொல்லமாட்டார். வெளியே தெரிந்தால் குடும்பத்துக்குக் கேவலம் என்று மூடி மறைக்கவும் மாட்டார். பிடிபட்ட திருடன், ‘இவர் மடியை இறுக்கிக் கட்டவில்லை, ஐயா!’ என்று நீதிமன்றத்தில் சொன்னால் ஊரே சிரிக்கும்.

மாடு பயிரில் மேய்ந்துவிட்டால் அதைப் பிடித்துப் பவுண்டில் அடைக்கும் வழக்கமும் நாம் அறிந்ததே. 1871-ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. தண்டம் கட்டி மாட்டை மீட்க வேண்டியவர் மாட்டுக்காரர். ‘வயலுக்கு வேலி இல்லையே!’ என்று சொல்லி அவர் தப்பிவிட முடியாது.

பணத்தின் திறத்திலும் பயிரின் திறத்திலும் இவ்வளவு தெளிவாக இருக்கும் நம் நியாய உணர்வு, பெண்ணின் திறத்தில் மட்டும் ஏன் தடுமாறுகிறது? உண்மையில் பெண் பணமும் அல்லள், பயிரும் அல்லள். பணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். பெண்ணைப் பூட்டி வைக்க முடியாது. பூட்டி வைக்கவும் கூடாது. அவள் நாற்று நடப் போக வேண்டும். தண்ணீர் எடுக்கப் போக வேண்டும். பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஆலைக்கும் போக வேண்டும். இரவுப் பணி முடிந்து கடைசிப் பேருந்தில் வர வேண்டும். வாழ்வதற்காக அவள் செய்யும் காரியங்களையே அவளுக்கு எதிரான சாட்சியமாக்குவது எவ்வகையில் நியாயம்?

எச்சரிக்கை என்பது நிகழ்ச்சிக்கு முன்னால், அன்பினால் சொல்வது. பழி என்பது நிகழ்ச்சிக்குப் பின்னால், தீர்ப்பாகச் சொல்வது. முன்னது காப்பதற்கு, பின்னது தண்டிப்பதற்கு. தண்டனைக்குரியவனை விட்டுவிட்டுப் பாதிக்கப்பட்டவளைத் தண்டிப்பது நீதியாகாது.

நல்லவர்களும் ஏன் பழிக்கின்றனர்?

பழிச்சொல் பேசுவோர் எல்லோரும் தீயவர்கள் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. நம் வீட்டுப் பெரியவர்களே பேசுகின்றனர், பெண்களே பேசுகின்றனர். இதன் காரணத்தை அறிஞர்கள் ஆராய்ந்திருக்கின்றனர்.

1966-ஆம் ஆண்டில் மெல்வின் லெர்னர் என்னும் உளவியல் அறிஞர் தம் துணை ஆய்வாளருடன் சேர்ந்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு ஒன்றை வெளியிட்டார். ஒரு பெண் விடை தவறும்போதெல்லாம் மின் அதிர்ச்சி பெற்றுத் துடிப்பதைச் சில மாணவியர் பார்க்குமாறு செய்தனர். உண்மையில் மின்சாரம் எதுவும் பாய்ச்சப்படவில்லை, அப்பெண் நடித்தாள். பார்த்துக்கொண்டிருந்தோருக்கு அது தெரியாது. அவள் துன்பத்தை நிறுத்தத் தமக்கு வழியில்லை, அது தொடரும் என்று எண்ணியவர்கள், சற்று நேரத்தில் அவளைப் பற்றியே தாழ்வாக மதிப்பிடத் தொடங்கினர். துன்பத்தை நிறுத்தும் வாய்ப்புப் பெற்றவர்களோ அவ்வளவு தாழ்வாக மதிப்பிடவில்லை.

உலகம் நியாயமாக நடக்கிறது என்று நம்பவே மனித மனம் விரும்புகிறது. குற்றமற்ற ஒருத்திக்குக் கொடுமை நேர்ந்தது என்று ஒப்புக்கொண்டால், நாளை நம் மகளுக்கும் நேரலாம் என்ற அச்சம் பிறக்கிறது. அவள் ஏதோ தவறு செய்தாள், அதனால் நேர்ந்தது என்று சொல்லிக்கொண்டால், நாம் அத்தவறு செய்யாதவரை நமக்கு ஒன்றும் நேராது என்ற ஆறுதல் கிடைக்கிறது. ‘எல்லாம் அவள் தலைவிதி’, ‘முன் செய்த வினை’ என்று நாம் சொல்வதும் இந்த ஆறுதலுக்காகவே. ஆனால் நம் ஆறுதலுக்கு விலை கொடுப்பவள் துன்புற்று நிற்கும் அந்தப் பெண்.

இந்த ஆய்வில் நமக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. உதவும் வழி தெரிந்தவர்கள் பழிப்பது குறைகிறது. ஆதலால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஊரில் பலரும் அறிந்திருப்பது அவசியம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

‘ஏன் கூச்சலிடவில்லை?’

ஊரார் கேட்கும் கேள்விகளை ஒரு காலத்தில் நீதிமன்றங்களும் கேட்டன. 1972-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மகாராஷ்டிர மாநிலத்தில் தேசாய்கஞ்சு என்னும் ஊரின் காவல் நிலையத்தில், கூலி வேலை செய்து பிழைத்த பழங்குடிச் சிறுமி ஒருத்தி, காவலர் இருவர் மீது பாலியல் வன்முறைக் குற்றம் சாட்டினாள். அவளுக்கு அப்போது 14 முதல் 16 வயது வரை இருக்கலாம் என்று மருத்துவர் கணித்தார். வீட்டார் கொடுத்த ஒரு புகாரின் பொருட்டே அவள் அன்றிரவு அங்கு வரவழைக்கப்பட்டிருந்தாள்.

1974-இல் அமர்வு நீதிமன்றம், அவள் முன்பே ஆண் தொடர்பு உடையவள் என்பதைச் சுட்டிக் காவலர்களை விடுவித்தது. 1976-இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றித் தண்டனை விதித்தது. காவல் நிலையத்தில் அச்சத்தினால் பணிவது இசைவு ஆகாது என்பது அதன் கருத்து. 1978-இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. உடலில் காயமில்லை, கூச்சலிட்டதாகவும் எதிர்த்ததாகவும் தெரியவில்லை என்பன அதற்குக் கூறப்பட்ட காரணங்கள்.

மறு ஆண்டு சட்டப் பேராசிரியர்களாகிய உபேந்திர பக்‌ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், இரகுநாத் கேல்கர் ஆகிய நால்வர் இந்திய தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் ஒன்று எழுதினர். இரவு நேரத்தில், காவல் நிலையத்தின் உள்ளே, காவலரை எதிர்த்து ஒரு ஏழைச் சிறுமி என்ன செய்ய முடியும் என்ற கேள்வியை நாட்டின் முன் வைத்தனர். நாடெங்கும் மகளிர் அமைப்புகள் எழுந்தன. அதன் பயனாக 1983-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நிகழும் வன்முறையில், ‘நான் இசையவில்லை’ என்று பெண் கூறினால் நீதிமன்றம் அவ்வாறே கொள்ள வேண்டும் என்று ஏற்பட்டது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதும் குற்றமாயிற்று.

கூச்சலிடாமை பற்றி மருத்துவ அறிவும் இன்று தெளிவாகப் பேசுகிறது. சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில், வன்முறைக்கு ஆளாகி அவசர மருத்துவ உதவி நாடிய 298 பெண்களை ஆராய்ந்து 2017-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 70 விழுக்காட்டினருக்கு அந்நேரத்தில் உடல் அசைவற்றுப் போனமை கணிசமான அளவில் காணப்பட்டது. பாம்பைக் கண்ட தவளை உறைந்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். பெரும் அச்சத்தில் மனித உடலும் அவ்வாறே உறைகிறது. கை எழாது, குரல் வராது. இது இசைவன்று, உடலின் இயற்கை.

1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில், பெண் பொதுவாக ஒழுக்கங்கெட்டவள் என்று காட்டி அவளது சாட்சியத்தைக் குலைக்க இடமளிக்கும் பிரிவு ஒன்று இருந்தது. அது 130 ஆண்டுகள் நிலைத்திருந்து, 2002-ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீக்கப்பட்டது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தைக் கொண்டு அவள் இசைந்தாள் என்று கொள்ளலாகாது என்பதை 2013-ஆம் ஆண்டின் திருத்தம் சட்டத்தில் எழுதியே வைத்தது. பெண்ணின் முந்தைய வாழ்க்கையைத் துருவும் நோக்குடைய ‘இருவிரல் சோதனை’யை இனி நடத்துவோர் ஒழுங்கீனம் புரிந்தவராவர் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. நீதிமன்றமும் சட்டமும் தம் கேள்விகளைத் திருத்திக்கொண்டன. நம் திண்ணைகள் இன்னும் திருத்திக்கொள்ளவில்லை.

ஊர்ப் பணி செய்த பெண்ணுக்கு நேர்ந்தது

இங்கு கூடியிருக்கும் மகளிர் பலரும் ஊர்ப் பணி செய்கிறவர்கள். ஆதலின் இராஜஸ்தானில் உங்களைப் போன்ற ஓர் ஊர்ப் பணியாளருக்கு நேர்ந்ததை அறிந்திருக்க வேண்டும். அம்மாநில அரசு 1984-ஆம் ஆண்டில் தொடங்கிய மகளிர் வளர்ச்சித் திட்டத்தில், ஊர்தோறும் ‘சாத்தின்’, அதாவது தோழி, என்னும் பணியாளர்களை நியமித்தது. ஜெய்ப்பூர் மாவட்டத்துப் பட்டேரி என்னும் சிற்றூரில் அப்பணி செய்தவர் குயவர் வகுப்பைச் சேர்ந்த ஒரு பெண். 1992-இல் அவ்வூரின் செல்வாக்குள்ள குடும்பம் ஒன்றில், ஒரு வயது கூட நிரம்பாத குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்க முயன்றார். அவருக்கு இடப்பட்ட பணியே அதுதான்.

அதன் பின் ஊர் அவரை ஒதுக்கி வைத்தது. அவரிடம் பானை வாங்குவாரில்லை, பால் விற்பாரில்லை. அவ்வாண்டு செப்டம்பர் மாதம், வயலில் கணவரோடு வேலை செய்துகொண்டிருந்தபோது, கணவரை அடித்துப்போட்டுத் தமக்குக் கூட்டாகப் பாலியல் கொடுமை இழைத்தனர் என்று ஐவர் மீது புகார் கொடுத்தார். மருத்துவச் சோதனை இரண்டு நாட்களுக்கு மேல் தாமதமாயிற்று. சான்றுக்காக அவருடைய பாவாடையை வாங்கிக்கொண்ட காவல் நிலையத்தார் மாற்றுடை தரவில்லை. கணவரின் தலைப்பாகைத் துணியைச் சுற்றிக்கொண்டு அவர் இரவில் ஊர் திரும்பினார். 1995-இல் விசாரணை நீதிமன்றம் அக்குற்றச்சாட்டிலிருந்து ஐவரையும் விடுவித்தது. உயர்ந்த சாதியினர் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தீண்டியிருக்க மாட்டார்கள், கணவன் பார்த்துக்கொண்டிருந்திருக்க மாட்டான் என்பன அத்தீர்ப்பின் காரணங்களாக நாடெங்கும் பேசப்பட்டன.

அவர் ஊரை விட்டு ஓடவில்லை. தம் பெயரையும் மறைத்துக்கொள்ளவில்லை. அவருக்கு நேர்ந்ததைக் கண்ட மகளிர் அமைப்புகள், பணி செய்யும் பெண்களுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்று உச்ச நீதிமன்றத்தை நாடின. 1997-இல் விசாகா வழக்கின் தீர்ப்பு வந்தது. 2013-இல் பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் வந்தது. பத்துப் பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடங்களில் பணிபுரியும் பெண்களும், வீட்டு வேலை செய்யும் பெண்களும் முறையிடுவதற்காக மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. ஒரு சிற்றூரில் பணி செய்த பெண் வாய் மூடாதிருந்ததால் நாட்டுப் பெண்கள் யாவர்க்கும் கிடைத்த பயன் இது.

வாச்சாத்தி கற்பிக்கும் பாடம்

அதே 1992-ஆம் ஆண்டில் நம் மாநிலத்திலும் ஒரு கொடுமை நிகழ்ந்தது. தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடியினர் சிற்றூர் வாச்சாத்தி. சந்தனக் கட்டை கடத்தினர் என்று சொல்லி, ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்று துறைகளின் பணியாளர்கள் அவ்வூருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். ‘கடத்தல்காரர்கள்’ என்னும் பெயரே அவர்களுடைய முறையீட்டை எவரும் கேளாதிருக்கப் போதுமான காரணமாயிற்று. பின்னர் உயர் நீதிமன்ற ஆணைப்படி மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது.

2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களுள் 17 பேர் பாலியல் வன்முறைக் குற்றம் புரிந்தவர்கள். 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, 18 பெண்களுக்கும் தலைக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. நீதி கிடைக்க 31 ஆண்டுகள் ஆயின.

கட்டை கடத்தியவர் உண்டென்றால் அதை விசாரிக்கத் தனிச் சட்டம் உண்டு. தனி நீதிமன்றம் உண்டு. ஒருவர் வேறொரு குற்றம் செய்தவராகவே இருந்தாலும், அவர் மீது வன்முறை செய்ய எவருக்கும் உரிமை பிறந்துவிடாது. அவ்வாறிருக்க, மாலையில் வெளியே வந்தது, கைப்பேசியில் பேசியது, ஒருவனை நம்பியது ஆகியவை எந்த மூலைக்கு? இந்தப் பாடத்தை அரசுப் பணியாளர்களாகிய நாமும் மறக்கலாகாது.

எச்சரிக்கை யாருடைய பொறுப்பு?

எச்சரிக்கை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது பெண்ணின் தலையில் மட்டும் சுமத்தப்படுவது தகாது என்கிறோம். பேருந்து நிறுத்தத்திலிருந்து குடியிருப்பு வரை விளக்கு எரிகிறதா? வழியோரத்துச் சீமைக் கருவேலம் புதர்கள் அகற்றப்பட்டனவா? வீடுதோறும் கழிப்பறை இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா? பள்ளிச் சிறுமியர் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டா? இவை ஊராட்சி செய்ய வேண்டிய எச்சரிக்கைகள். ஒரு மாலையில் மகளிர் குழுவினருடன் ஊரைச் சுற்றி நடந்து, எவ்விடத்தில் அச்சமாக இருக்கிறது என்று அவர்களையே கேட்டுக் குறித்துக்கொண்டால், அடுத்த கிராம சபையின் தீர்மானங்கள் தாமே கிடைத்துவிடும்.

விளக்குகள் மட்டும் போதுமா என்றால், போதா. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2015-ஆம் ஆண்டில் பதிவான 34,651 பாலியல் வன்முறை வழக்குகளுள் 33,098-இல் குற்றஞ்சாட்டப்பட்டவன் பெண்ணுக்கு முன்பே அறிமுகமானவன். உறவினன், அயலான், வேலை கொடுப்பவன், திருமணம் செய்துகொள்வதாக வாக்களித்தவன் ஆகியோரே பெரும்பாலோர். ஆகவே, இருட்டில் போகாதே, அயலாரோடு பேசாதே என்று நாம் கூறும் அறிவுரைகள் ஆபத்தின் பெரும்பகுதியைத் தொடுவதேயில்லை. வீட்டுக்குள் நடப்பதற்கு எந்த உடையைக் குறை சொல்வது? எந்த நேரத்தைக் குறை சொல்வது?

உண்மையான எச்சரிக்கை ஆண் பிள்ளைகளை வளர்ப்பதில் தொடங்குகிறது. மகளுக்கு நூறு கட்டுப்பாடு விதிக்கும் வீட்டில், மகனுக்கு ஒன்றே ஒன்று சொல்லிக் கொடுக்கலாம்: அவள் வேண்டாம் என்றால் வேண்டாம், அவள் பேசாதிருந்தாலும் அது சம்மதம் அன்று. தோழர்கள் ஒரு பெண்ணைக் கேலி செய்யும்போது ‘போதும், விடுங்கள்’ என்று சொல்லும் துணிவை மகனுக்கு ஊட்டினால், அதுவே ஊருக்குப் பெரிய காவல்.

ஊரார் செய்ய வேண்டியவை

பாதிக்கப்பட்டவர் முதன்முதலில் வாய் திறப்பது பெரும்பாலும் தாயிடமோ, தோழியிடமோ, செவிலியரிடமோ, குழுத் தலைவியிடமோ ஆகும். அப்போது அவர் காதில் விழும் முதற்சொல் இன்றியமையாதது. ‘ஏன் போனாய்?’ என்று கேட்டால் அவர் வாய் அன்றோடு மூடிவிடும். ‘உன் மேல் குற்றமில்லை, நாங்கள் இருக்கிறோம்’ என்று சொல்லுங்கள். அதன் பிறகு செய்ய வேண்டியவை சில.

முதலாவது, மருத்துவமனை. குளிப்பதற்கும் துணிகளைத் துவைப்பதற்கும் முன் சென்றால் சான்றுகள் காக்கப்படும். அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் கட்டணமின்றி உடனே சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். கருத்தரிப்பைத் தடுக்கும் மருந்தையும் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். நாள் கடந்துவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்க வேண்டாம். புகார் கொடுக்கவும் தயங்க வேண்டாம்.

இரண்டாவது, காவல் நிலையம். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அலுவலர் பதிவு செய்ய வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் படியை இலவசமாகப் பெறலாம். பதிவு செய்ய மறுக்கும் அலுவலர் தண்டனைக்குரியவர். 181 என்னும் மகளிர் உதவி எண்ணும், 1098 என்னும் சிறார் உதவி எண்ணும் எந்நேரமும் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எல்லாப் பெண்களுக்கும் இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கும்.

மூன்றாவது, குழந்தைகள். பதினெட்டு வயது நிரம்பாதவர், சிறுமியாயினும் சிறுவனாயினும், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவர். குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காதிருப்பது அச்சட்டப்படி குற்றம்.

நான்காவது, பஞ்சாயத்துப் பேசலாகாது. பணம் கொடுத்து முடிப்பதும், ‘அவனுக்கே கட்டி வைத்துவிடுவோம்’ என்று தீர்ப்பதும் ஊர்ப் பெரியவர்களின் அதிகாரத்தில் இல்லை. இது சமரசத்துக்குரிய குற்றமன்று என்று 2013-லும் 2015-லும் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியுள்ளது. முள் கிழித்ததற்காகச் சேலையை முள்ளின் மேலேயே போர்த்தி வைப்பது தீர்வாகுமா?

ஐந்தாவது, பெயரைக் காப்பது. அவள் இன்னாள் என்று தெரியும்படி அச்சிட்டோ கைப்பேசிக் குழுக்களில் பரப்பியோ வெளியிடுவோர் சிறைத் தண்டனைக்கு உரியவராவர்.

‘பொய்ப் புகார் வந்தால் என்ன செய்வது?’ என்று சிலர் கேட்பர். புகாரை ஆராய்ந்து தீர்ப்பளிக்க நீதிமன்றம் இருக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கும் அங்கே தன் பக்கத்தைச் சொல்ல உரிமை உண்டு. ஊரார் அவனைத் தூக்கிலிடவும் வேண்டாம். அவளைத் தூற்றவும் வேண்டாம். விசாரிப்பது வேறு, பழிப்பது வேறு என்ற ஒன்றை மட்டும் நினைவிற் கொண்டால் போதும்.

சொல்லில் தொடங்குவோம்

நம் செய்தித்தாள்களில் நெடுங்காலமாகக் ‘கற்பழிப்பு’ என்ற சொல் வழங்கியது. அச்சொல்லின்படி ஏதோ அழிந்து போனது பெண்ணிடம். அவளைக் ‘கெட்டுப் போனவள்’ என்றும் சொல்வதுண்டு. கெட்டவன் எவனோ, கெட்டுப் போனவள் அவளாம்! இன்று ‘பாலியல் வன்முறை’, ‘பாலியல் வன்கொடுமை’ என்னும் சொற்கள் வழக்கிற்கு வந்திருக்கின்றன. இச்சொற்கள் செய்தவனின் செயலைச் சுட்டுகின்றன. அவள் எதையும் இழந்துவிடவில்லை. அவளுக்குக் காயம் நேர்ந்திருக்கிறது. காயம்பட்டவரை நாம் நடத்தும் முறையில் அவளையும் நடத்த வேண்டும். அவள் மீண்டும் பள்ளிக்குப் போகட்டும், வேலைக்குப் போகட்டும், கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நிற்கட்டும். தலை குனிய வேண்டியவள் அவளல்லள்.

தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்க 2016-ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர்களும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். மூட வேண்டியதில்லை, அது பேசுவதை மாற்றினால் போதும். இனி இத்தகைய செய்தி ஒன்று உங்கள் காதுக்கு எட்டும்போது, திண்ணையில் எவரேனும், ‘அவள் ஏன் அங்கே போனாள்?’ என்று தொடங்கினால், ‘அவன் ஏன் அப்படிச் செய்தான்?’ என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். அதன் பின் எழுந்து, அவள் வீட்டுக்குச் செல்லுங்கள். அவளோடு மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் துணையாக நடங்கள். இம்முகாமிலிருந்து ஊர் திரும்பும் ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.